பெடல் ஸ்டீலில் பஃபர் எங்கே உட்கார வேண்டும்?

உங்கள் கேள்வியை முதலில் என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். பத்துக் கம்பி இ9 சுருதிப் பெடல் ஸ்டீல் (கிடத்தி வைத்து, உலோகப் பட்டையைக் கம்பி மேல் நகர்த்தி வாசிக்கும் கிட்டார்) வைத்திருக்கிறீர்கள். 500 கிலோ ஓம் பாட் (சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் மாறு மின்தடை) உள்ள பழைய பாணி வால்யூம் பெடல்; இனி 'பெடல்' என்றால் பெரும்பாலும் இதுதான். அங்கிருந்து 20 அடி கேபிள் ஃபெண்டர் வால்வ் ஆம்புக்குப் போகிறது. பெடலை முழுக்க அழுத்தினால் நாதம் தெளிவாக இருக்கிறது, காலைக் கொஞ்சம் பின்னால் எடுத்ததும் போர்வை போர்த்தியது போல மங்கிவிடுகிறது. யாரோ சொன்னதைக் கேட்டு கிட்டாருக்கும் பெடலுக்கும் நடுவில் ஒரு பஃபர் (சிக்னலைப் பெருக்காமல், அடுத்து வரும் சுமையைத் தாங்கும் பலம் மட்டும் கொடுக்கும் சின்ன மின்சுற்று) வைத்தீர்கள். இப்போது முழுக்க அழுத்தினால் காதைக் குத்துகிறது, பாதியில் வைத்தால் பழைய மங்கல் அப்படியே இருக்கிறது. பஃபர் பழுதா, இல்லை பஃபர் என்பதே சும்மா விற்பனைப் பேச்சா?

இரண்டும் இல்லை. உங்கள் பஃபர் தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது. ஆனால் உங்களுக்கு இருக்கும் கோளாறு அது உட்கார்ந்திருக்கும் இடத்தில் இல்லை, பெடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. பஃபர் பற்றிய வாக்குவாதங்களில் பாதி, இரண்டு வெவ்வேறு கோளாறுகளை ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால் வருவதுதான். ஒன்று, பிக்கப்பின் (கம்பியின் அதிர்வை மின்சிக்னலாக்கும் சுருளின்) தலையில் ஏறும் சுமை. இன்னொன்று, பாட்டின் நடுக்காலுக்கும் (சிக்னல் வெளியேறும் நடு முனைக்கும்) ஆம்புக்கும் இடையில் நடக்கும் ட்ரெபிள் திருட்டு, அதாவது கீச்சொலி இழப்பு. முன்னால் வைக்கும் பஃபர் முதலாவதை மட்டும் தீர்க்கும்.

முதலில் காலைப் பார்ப்போம். சாதாரண கிட்டார்காரர் வால்யூம் பெடலை எப்போதாவது தொடுவார். பெடல் ஸ்டீல் வாசிப்பவரின் வலது கால் பாட்டு முழுக்க அதன் மேலேயே இருக்கும். கம்பியை மீட்டும்போது பெடல் பாதி அளவில் நிற்கும். நாதம் தேயத் தேய, கால் மெல்ல மெல்லத் திறந்து அதைத் தாங்கிப் பிடிக்கும். பாடகர் மூச்சு விடாமல் இழுப்பது போல ஸ்டீல் ஒரு சுரத்தை இழுக்கிறதே, அதில் கம்பிக்கும் பட்டைக்கும் எவ்வளவு பங்கோ அவ்வளவு பங்கு அந்தக் காலுக்கும் உண்டு. அதாவது நம் பெடல் வாழ்வது நடுப்பகுதியில்தான். துரதிருஷ்டம், பாட் என்ற அந்த மின்தடைக்கு மிக மோசமான இடமும் அதேதான்.

ஏன் என்று கணக்குப் போட்டே பார்க்கலாம். 500 கிலோ ஓம் பாட் மின்தடையில் சரிபாதியில் நிற்கும்போது, அதாவது சிக்னல் 6 டெசிபல் குறையும் இடத்தில், நடுக்காலுக்கு மேலே 250 கிலோ ஓம், கீழே 250 கிலோ ஓம். ஆம்பிலிருந்து திரும்பிப் பார்த்தால் இரண்டும் பக்கவாட்டில் சேர்ந்து 125 கிலோ ஓம் மின்தடைக்குப் பின்னாலிருந்து சிக்னல் வருவதாகத் தெரியும். நல்ல கேபிளுக்கே அடிக்கு 30 பைக்கோஃபாரட் வாக்கில் கெப்பாசிட்டன்ஸ் (மின்னூட்டத்தைத் தேக்கும் தன்மை) இருக்கும். 20 அடிக்கு 600. சன்னமான குழாயில் பெரிய குடத்தை நிரப்புவது மாதிரி இது. நிதானமாக ஏறி இறங்கும் பேஸுக்கு நேரம் போதும், விநாடிக்கு ஆயிரக்கணக்கில் துடிக்கும் ட்ரெபிளுக்குப் போதாது. 125 கிலோ ஓமும் 600 பைக்கோஃபாரடும் சேர்ந்தால் 2,100 ஹெர்ட்ஸ் பக்கத்திலேயே சரிவு தொடங்கிவிடும். விரலில் மாட்டும் உலோக நகங்கள் கம்பியில் படும் அந்த 'டிங்', மேல் கம்பிகளின் மினுமினுப்பு எல்லாம் அதற்கு மேலேதான் இருக்கிறது.

பெடலை இன்னும் மூடினால் என்ன ஆகும் தெரியுமா? 20 டெசிபல் குறையும் இடத்தில் அந்த 125 கிலோ ஓம் 45 ஆகிவிடும், சரிவு 5,900 ஹெர்ட்ஸுக்குத் தள்ளிப்போகும். அதாவது ட்ரெபிள் திரும்பி வந்துவிடுகிறது, ஆனால் சத்தமே சன்னமாகிவிட்டதால் யார் காதிலும் படுவதில்லை. மங்கல் உச்சத்தில் இருப்பது நடுவில்தான், நம் கால் நிற்கும் அதே இடத்தில்.

இப்போது உங்கள் பஃபரை இந்தப் படத்தில் வையுங்கள். அது பெடலுக்கு முன்னால் இருக்கிறது. பாட் அதே 500 கிலோ ஓம். பாதியில் நிற்கும்போது நடுக்காலின் பின்னால் அதே 125 கிலோ ஓம், எதிரே அதே 20 அடி கேபிள். அந்த இடத்தில் எதுவுமே மாறவில்லை. முழுக்க அழுத்தும்போது மட்டும் நடுக்கால் நேரே பஃபரோடு ஒட்டிக்கொள்கிறது. பஃபரின் வெளியீட்டு இம்பீடன்ஸ் (சிக்னலுக்கு அது காட்டும் மின்தடை) ஒரு கிலோ ஓம் சுற்றுவட்டாரம், அதற்கு 600 பைக்கோஃபாரட் ஒரு பொருட்டே இல்லை. அதனால் முழு அழுத்தத்தில் பளிச், பாதியில் பழைய மங்கல். முன்பு இரண்டுக்கும் இடையில் இருந்த வித்தியாசத்தை பஃபர் கூட்டியிருக்கிறதே தவிரக் குறைக்கவில்லை. நீங்கள் கேட்டது அத்தனையும் உண்மைதான், காது ஏமாற்றவில்லை.

சரி, முழு அழுத்தத்தில் ஏன் குத்துகிறது? இது பிக்கப்பின் கதை. ஸ்டீல் பிக்கப்புகள் கனமாகச் சுற்றப்பட்டவை. ஒரு சாதாரண ஸ்ட்ராட்டோகாஸ்டர் பிக்கப்பின் மின்தடை 6 கிலோ ஓம் வாக்கில் இருக்கும், ஸ்டீலில் 15 முதல் 20 கிலோ ஓம் வரை சர்வ சாதாரணம். சுற்று கூடினால் இண்டக்டன்ஸும் (மின்னோட்ட மாற்றத்தை எதிர்க்கும் சுருளின் தன்மை) கூடும். இண்டக்டன்ஸும் கேபிளின் கெப்பாசிட்டன்ஸும் சேர்ந்து ஓர் இடத்தில் அதிர்வு உச்சத்தை உண்டாக்கும். கணக்குக்காக 5 ஹென்றி என்று வைத்துக்கொள்கிறேன். பஃபர் இல்லாமல், பெடல் முழுக்கத் திறந்த நிலையில், பிக்கப்பின் சொந்தக் கெப்பாசிட்டன்ஸ், பெடல் வரைக்கும் 5 அடி, ஆம்ப் வரைக்கும் 20 அடி எல்லாம் சேர்ந்து சுமார் 900 பைக்கோஃபாரட். உச்சம் 2,400 ஹெர்ட்ஸ் அருகே விழும். பெடல் ஓரத்தில் பஃபர் வைத்ததும் மிஞ்சுவது பிக்கப்பின் சொந்தக் கெப்பாசிட்டன்ஸும் 5 அடி கேபிளும் மட்டும்தான், சேர்த்து 300 பைக்கோஃபாரட். உச்சம் 4,100 ஹெர்ட்ஸுக்குத் தாவிவிடும்.

அதோடு இன்னொன்றும் நடக்கிறது. முன்பு பாட்டின் 500 கிலோ ஓமும் ஆம்பின் 1 மெகா ஓமும் சேர்ந்து 333 கிலோ ஓம் சுமையாக பிக்கப் மேல் உட்கார்ந்து அந்த உச்சத்தை அமுக்கி வைத்திருந்தன. இப்போது பஃபரின் 1 மெகா ஓம் மட்டும். உச்சம் மேலே போனது மட்டுமல்ல, கூர்மையாகவும் ஆகிவிட்டது. நம் காது மிகக் கூர்மையாகக் கேட்கும் வட்டாரம் அது. குத்தத்தான் செய்யும்.

ஒன்றை நிதானமாக யோசிக்கச் சொல்வேன். பஃபர் ட்ரெபிளைச் 'சேர்ப்பதில்லை'. நீங்கள் இப்போது கேட்பது உங்கள் பிக்கப்பின் சொந்தக் குரல். ஆனால் அந்தச் சொந்தக் குரல்தான் 'சரியான' குரல் என்றும் யாரும் சட்டம் போடவில்லை. 1954-ல் அமெரிக்க கன்ட்ரி பாடகர் வெப் பியர்ஸின் ஒரு பாட்டில் ஸ்டீல் வாசித்த பட் ஐசக்ஸ், ஸ்டீலிலேயே இருக்கும் சுருதி மாற்றும் பெடலை அழுத்திக் கம்பிகளை வளைத்து உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தாரே, அந்தக் காலம் தொட்டு நாஷ்வில் ஒலிப்பதிவுகளில் நாம் மயங்கிக் கேட்ட ஸ்டீல் நாதத்தில் பெரும் பகுதி, பஃபர் இல்லாத பெடல் வழியாக, கேபிள் தன் பங்கை எடுத்துக்கொண்ட பிறகு வந்ததுதான். அந்தக் காலத்து பிக்கப்பைச் சுற்றியவர்களும் அந்த இழப்பைக் கேட்டபடியேதான் சுற்றினார்கள். ஆகவே பஃபர் வைத்தபின் 'என் ஸ்டீல் ஸ்டீல் மாதிரி இல்லையே' என்று ஒருவர் சொன்னால் அதைக் கிண்டல் செய்ய மாட்டேன். அவர் இழந்தது உண்மையான ஒன்று.

நல்ல சேதி, அதைத் திரும்ப வைக்க முடியும், அதுவும் அளந்து. பஃபரின் உள்ளீட்டில் குறுக்காக ஒரு 330 பைக்கோஃபாரட் கெப்பாசிட்டர் போட்டால் என் கணக்குப்படி உச்சம் 2,800 ஹெர்ட்ஸ் பக்கம் இறங்கும். கூடவே ஒரு 470 கிலோ ஓம் ரெசிஸ்டர் போட்டால் பிக்கப்புக்குப் பழையபடி 320 கிலோ ஓம் சுமை தெரியும், கூர்மை தணியும். ஒரே வித்தியாசம், முன்பு கேபிள் நீளத்தையும் காலின் நிலையையும் பொறுத்து மாறிக்கொண்டே இருந்த ஒன்று இப்போது நீங்கள் நிறுத்திய இடத்தில் நிற்கும். பிராட் சார்னோ செய்யும் ஃப்ரீலோடர் என்ற பஃபரில் இந்தச் சுமையைத் திருகியே மாற்றிக்கொள்ள ஒரு குமிழ் உண்டு. ஸ்டீல்காரர்களின் தேவையைப் புரிந்துகொண்டு செய்த வேலை அது. விலை கட்டுப்படியாகாவிட்டால் ஒரு ரெசிஸ்டரும் ஒரு கெப்பாசிட்டரும் அந்த ஊருக்கே உங்களைக் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

ஆனால் நீங்கள் கேட்ட மங்கலுக்கு மருந்து வேறு. பஃபரைக் கழற்றிப் பெடலுக்குப் பின்னால் மாட்டுங்கள். பெடலின் வெளியீட்டிலிருந்து பஃபருக்கு அரை அடி, ஒரு அடிக் குட்டிக் கேபிள் போதும். அதற்கப்புறம் அந்த 20 அடி. இப்போது நடுக்கால் சமாளிக்க வேண்டியது 600 இல்லை, 50 பைக்கோஃபாரட்தான். பாதியில் நிற்கும்போதும் சரிவு 25,000 ஹெர்ட்ஸுக்கு மேலே போய்விடும், மனிதக் காதுக்கு அது இல்லாத மாதிரிதான். பிக்கப்பின் மேல் பாட்டின் சுமை அப்படியே இருப்பதால் முழு அழுத்தத்தில் கூர்மையும் அமுங்கியே இருக்கும். கால் நகரும்போது சத்தம் மட்டும் நகரும், குரல் நகராது. ஒரே ஒரு பஃபர்தான் வைக்க முடியும் என்றால், 500 கிலோ ஓம் பெடல்காரருக்கு நான் சொல்லும் இடம் இதுதான். 'முன்னால்தான் வைக்க வேண்டும்' என்று பலர் அடித்துச் சொல்வார்கள். அவர்கள் பெடலுக்கும் ஆம்புக்கும் இடையில் குட்டிக் கேபிள் வைத்திருக்கிறார்களா, பெடலை ஒட்டியே ஒரு டிலே (எதிரொலி தரும் பெடல்) வைத்திருக்கிறார்களா என்று கேட்டுப் பாருங்கள்.

டிலே என்றதும் ஞாபகம் வருகிறது. பாஸ் கம்பெனியின் சின்னப் பெடல்கள் பெரும்பாலானவற்றில் அணைத்து வைத்தாலும் உள்ளே ஒரு பஃபர் வேலை செய்துகொண்டேதான் இருக்கும். உள்ளீடு 1 மெகா ஓம், வெளியீடு 1 கிலோ ஓம். வீட்டில் அப்படி ஒரு டிலேயோ ட்யூனரோ கிடந்தால் அதை வால்யூம் பெடலை ஒட்டிப் போட்டுப் பாருங்கள். புதிதாகக் காசு செலவழிக்கும் முன்பே விடை தெரிந்துவிடும். 'ட்ரூ பைபாஸ்' என்று எழுதியிருந்தால் உதவாது, அணைத்ததும் அது வெறும் கம்பிதான்.

சோதிக்கும்போது ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். சத்தம் குறைந்தாலே காதுக்கு ட்ரெபிளும் பேஸும் குறைந்ததாகத்தான் தோன்றும். ஆகவே பெடலைப் பாதியில் வைத்துக் கேட்கும்போது ஆம்பை அந்த அளவுக்கு ஏற்றிக்கொள்ளுங்கள். நான் செய்வது இப்படி: பெடலின் கீழே ஒரு மரத்துண்டை முட்டுக் கொடுத்துப் பாதியில் நிறுத்திவிடுவேன். ஆம்பை ஏற்றி, முழு அழுத்தத்தில் கேட்ட அதே சத்தத்துக்குக் கொண்டு வருவேன். மூன்றாம் கம்பியையும் ஐந்தாம் கம்பியையும் ஒரே மாதிரி மீட்டுவேன். அப்புறம் 20 அடி கேபிளைப் பிடுங்கிவிட்டு, ஆம்பைப் பக்கத்தில் இழுத்துப்போட்டு 3 அடி கேபிளில் அதையே வாசிப்பேன். மங்கல் விலகினால் திருட்டு நடுக்காலுக்குப் பின்னால். விலகவில்லை என்றால் பிக்கப்பின் சுமையைப் பார்க்க வேண்டும். ஐந்து நிமிட வேலை, பல மாத வாக்குவாதத்தை மிச்சப்படுத்தும்.

அந்த ஐந்து நிமிடத்தில் இரண்டு இடங்களை எட்டிப் பாருங்கள். ஒன்று, ஆம்பில் எந்த ஜாக்கில் சொருகியிருக்கிறீர்கள்? ஃபெண்டர் வால்வ் ஆம்புகளில் முதல் ஜாக் 1 மெகா ஓம், இரண்டாவது 136 கிலோ ஓம். பஃபர் இல்லாமல் இரண்டாவதில் சொருகினால் நாதமும் போகும், பெடலின் நடையும் கெடும். பாதி வரை ஒன்றுமே நடக்காதது போல இருந்து கடைசியில் திடீரென்று எகிறும். இரண்டாவது, பெடலில் ட்யூனருக்கென்று தனி ஜாக் இருக்கிறதா? சாதாரணப் பெடல்களில் அது உள்ளீட்டோடு நேராக இணைந்திருக்கும். ட்யூனர் கேபிள் 6 அடி என்றால் இன்னொரு 180 பைக்கோஃபாரட் எப்போதும் பிக்கப்பின் மேல் தொங்கிக்கொண்டே இருக்கிறது. கழற்றிவிட்டுக் கேளுங்கள், ஆச்சரியப்படுவீர்கள். ட்யூனர் எப்போதும் மாட்டியே இருக்க வேண்டும் என்பவருக்கு முன்பக்க பஃபர் நிஜமாகவே நல்லது, ஏனென்றால் அப்போது ட்யூனரால் பிக்கப்பைத் தொடவே முடியாது.

முன்பக்கமும் வேண்டும், நடுமங்கலும் கூடாது என்றால் இரண்டு வழி. பின்னால் இன்னொரு பஃபர் வைக்கலாம். அல்லது பாட்டையே 25 கிலோ ஓமுக்கு மாற்றலாம். எர்னி பால் தங்கள் சின்ன வால்யூம் பெடலை 250 கிலோ ஓம், 25 கிலோ ஓம் என்று இரண்டு விதமாக விற்பதன் காரணம் இதுதான். முதலாவது நேராக பிக்கப்புக்கு, இரண்டாவது பஃபருக்கோ ஆக்டிவ் பிக்கப்புக்கோ (உள்ளேயே மின்சுற்று உள்ள பிக்கப்) அப்புறம் வர வேண்டியது. 25 கிலோ ஓம் பாட் பாதியில் நின்றாலும் பின்னால் 6 கிலோ ஓம்தான் தெரியும், 20 அடி கேபிளால் அதை ஒன்றும் செய்ய முடியாது. அந்த 250 கிலோ ஓம் பெடலை ஸ்டீலுக்கு நேராக மாட்ட வேண்டாம், கனமாகச் சுற்றிய பிக்கப்புக்கு அது அதிகச் சுமை.

25 கிலோ ஓமுக்கு மாறும்போது ஒரு கண்ணி இருக்கிறது, நான் அதில் விழுந்து எழுந்தவன். பஃபரின் வெளியீட்டில் டிசியை (நேர்மின்சாரத்தை) தடுக்க ஒரு கெப்பாசிட்டர் இருக்கும். என்னுடையதில் அது 0.1 மைக்ரோஃபாரட். 500 கிலோ ஓம் பாட்டில் எந்தக் குறையும் தெரியவில்லை. 25 கிலோ ஓம் போட்டதும் என் ஸ்டீலில் சி6 சுருதியில் உள்ள கழுத்தின் பத்தாவது கம்பி சோனியாகிவிட்டது. பிக்கப்பைச் சந்தேகித்தேன், கம்பியை மாற்றினேன், இரண்டு நாள் போச்சு. காரணம் எளிது: 0.1 மைக்ரோஃபாரடும் 25 கிலோ ஓமும் சேர்ந்தால் 64 ஹெர்ட்ஸில் வெட்டு விழும். அந்தக் கம்பியின் அடிச்சுரம் 65 ஹெர்ட்ஸ். கெப்பாசிட்டரை 2.2 மைக்ரோஃபாரடாக மாற்றியதும் கம்பிக்கு உயிர் வந்தது. அந்தக் கெப்பாசிட்டரில் டிசி கசிந்தால் வேறொரு தொல்லை வரும், பெடலை அசைக்கும்போதெல்லாம் கரகரவென்று உறுமும். பாட் தேய்ந்துவிட்டது என்று நினைத்துப் புதுசு வாங்கும் முன்பு இதைப் பாருங்கள். ஆலன் பிராட்லி பாட் போன்ற உழைப்பாளிகளையே இப்படித் தப்பாகத் தூக்கிப் போட்டவர்கள் உண்டு.

பாட் என்ற மின்தடையே இல்லாத வால்யூம் பெடல்களும் இருக்கின்றன. ஹில்டன் பெடலில் அகச்சிவப்பு ஒளி, குட்ரிச்சின் எல்.டி.ஆர். வகையில் ஒளியுணர் மின்தடை. இவற்றுக்குள் மின்சுற்று ஏற்கெனவே இருப்பதால் மேலே சொன்ன நடுக்கால் திருட்டு அநேகமாக எழுவதே இல்லை. அந்தப் பெடல்களோடு இன்னொரு பஃபர் வாங்குவது பிக்கப்பின் சுமையைத் திருகி விளையாட மட்டும்தான் உதவும். பாட்டின் மேல்காலுக்கும் நடுக்காலுக்கும் இடையே சின்னக் கெப்பாசிட்டர் போட்டு ட்ரெபிளைக் கடத்திவிடும் பழைய உபாயம் எனக்குப் பிடிக்காது. ஒரு நிலையில் சரியாக இருப்பது இன்னொரு நிலையில் சன்னமாகிவிடும். ஸ்டீலில் கால் ஒரு நிலையில் நிற்பதே இல்லையே.

கடைசியாக மின்சாரம். ஸ்டீலில் பெரும்பாலும் வால்யூம் குமிழ் கிடையாது. உலோக விரல் நகங்களால் ஓங்கி மீட்டும் கனத்த பிக்கப்பின் முழு வீச்சும் முன்பக்க பஃபரின் தலையில் நேராக விழும். 9 வோல்ட் பேட்டரியில் ஓடும் பஃபருக்கு மேலே நாலு, கீழே நாலு வோல்ட்தான் இடம், பேட்டரி தளர்ந்தால் அதுவும் இல்லை. ஒரு கச்சேரியின் நடுவில் கீழ்க்கம்பிகளில் மட்டும் நாதம் நெரிந்து கிழிவதைக் கேட்டு ஆம்ப் வால்வ் போச்சு என்றே நினைத்துவிட்டேன், பேட்டரியை அளந்தால் 6 வோல்ட் சொச்சம். பின்பக்க பஃபருக்குப் பாதிச் சிக்னல்தான் வருவதால் இந்த நெருக்கடி குறைவு. அந்த இடத்தை நான் சிபாரிசு செய்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆகவே இன்று இரவு எதையும் வாங்காமல், பஃபரைப் பெடலின் அந்தப் பக்கம் மாற்றிப் போடுங்கள், மரத்துண்டை முட்டுக் கொடுத்துச் சோதியுங்கள். முழு அழுத்தத்தில் இன்னும் கொஞ்சம் பளிச்சென்று இருந்தால் பெடலின் உள்ளீட்டில் குறுக்காக 220 பைக்கோஃபாரடில் ஆரம்பித்து ஒவ்வொன்றாக ஏற்றிப் பாருங்கள். சால்டர் வைக்கும் முன் முதலைக் கிளிப்பில் மாட்டியே கேட்கலாம். எந்த மதிப்பில் உங்கள் மூன்றாம் கம்பி பாட ஆரம்பிக்கிறது என்று எழுதுங்கள். உங்கள் பிக்கப்பின் பெயரும் மின்தடை அளவும் தெரிந்தால் அதற்கேற்ற சுமையைக் கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.